பால் திரிந்தது ஏன்?

சென்ற சித்திரையில் ஒருநாள் ஃப்ரிட்ஜில் வைத்த பால் திரிந்துபோனது. நாமக்கல் வெயில்தானே என்று விட்டுவிட்டேன். மறுநாளும் திரிந்தபோதுதான் பகீரென்றது. மாமியாரின் இன்சுலின் அதற்குள்தானே இருக்கிறது! 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்தாயிற்றே! டாக்டரைக் கேட்டுப் புது மருந்து வாங்கி, எதிர்வீட்டு அக்காவின் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

"கேஸ் போயிருக்கும், மெக்கானிக்கைக் கூப்பிடு" என்றார் இவர். கொஞ்சம் பொறுங்கள் என்று நானே பார்த்தேன். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால், வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் பட்டை முழுக்கப் பிசுக்கு! சோப்புத் தண்ணீரில் துடைத்ததும் தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பின்பக்கக் கம்பி வலையிலோ ஒரே ஒட்டடை. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுவதே அந்தக் கம்பிதான். அதை மூடினால் எப்படிக் குளிரும்? பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரஷ்ஷால் தட்டி, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

ஃப்ரீஸரில் விரல் கனத்துக்குப் பனி. சகோதரிகளே, கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் அப்புறம் நிஜமாகவே கேஸ் போய்விடும்! அணைத்து, கதவைத் திறந்து வைத்தாலே உருகிவிடும்.

பிறகு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி (காய்ச்சல் பார்ப்பது இதற்கு உதவாது), ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் வைத்தேன். காலையில் 4 டிகிரி காட்டியது. இன்சுலினும் அந்தத் தட்டுக்கே திரும்பி வந்தது. ஃப்ரீஸரை ஒட்டி வைத்தால் உறைந்து கெட்டுவிடுமாம்.

இப்போதெல்லாம் காபி குடிக்கும் முன்பே தெர்மாமீட்டரைப் பார்ப்பது மாமியார்தான்.