தீபாவைத் தடுத்த பன்னிரண்டு மாசம்

2016 ஆகஸ்ட் 14, ராத்திரி. அஞ்சுகிராமத்துல எங்க தெருவே தூங்கியாச்சு. ஏழாங்கிளாஸ் படிச்ச நானும் அப்பாவும் மட்டும் டிவி முன்னால. காலைல பள்ளிக்கூடத்துல கொடியேத்தம், போய்ப் படுலேன்னு அம்மா உள்ள இருந்து சத்தம். ரியோ ஒலிம்பிக்கில் தீபா கர்மாகர் ஓடி வந்து 'புரோடுனோவா'ங்கிற அந்தப் பயங்கர வால்ட்டைப் போட்டார். கிட்டத்தட்ட உட்கார்ந்து எழும்பினார். ரெண்டு தாண்டலோட சராசரி 15.066. வெண்கலம் வாங்கினவருக்கு 15.216. நாலாவது இடம்!

வித்தியாசம் 0.15 தான். இறங்கும்போது கால் கொஞ்சம் பெருசா நகர்ந்தாலே 0.3 போயிரும். இந்த விளையாட்டுல யாருக்குப் பதக்கம்னு முன்கூட்டியே சொல்றது அவ்வளவு லேசு இல்ல.

ஆனா நம்ம அதிகாரிங்க சொல்லிட்டாங்க.

2023-ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்குப் புவனேஸ்வரில் டிரையல்ஸ் நடந்தது. ஊக்கமருந்து விவகாரத்துல 21 மாசத் தடை முடிஞ்சு அப்பத்தான் வந்திருந்த தீபா அதில் முதலிடம். (தடை சரியா தப்பான்னு நான் பேச வரல, தண்டனையை முழுசா அனுபவிச்சாச்சு.) ஆனாலும் போக முடியல. ஏன்னா, 2018 ஆசிய விளையாட்டில் எட்டாவது வந்தவரோட அளவுக்காவது கடைசி 12 மாசத்துல செஞ்சு காட்டியிருக்கணும்ங்கிறது விதி. தடையில இருந்தவர் எங்கே போய்ச் செஞ்சு காட்டுவார்?

பி.காம் பையன் புத்தி, கணக்காத்தான் தோணுது. ஒரு வருஷம் கடை பூட்டிக் கிடந்தா அந்த வருஷ விற்பனை பூஜ்யம்தான். அதை மட்டும் வச்சு, கடையைத் திறந்தாலும் யாவாரம் ஆகாதுன்னு எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுத மாட்டார். இன்னைக்கு என்ன சரக்கு இருக்குன்னு பார்ப்பார். டிரையல்ஸ் அதுக்குத்தானே?

விதின்னா எல்லாருக்கும் விதின்னு சிலர் சொல்லலாம். அதே 2023-ல கால்பந்து அணிகளுக்கு விதியைத் தளர்த்தி அனுப்பினாங்களே! அனுப்பினது தப்புன்னு சொல்லல. தளர்த்த முடியும்னு தெரிஞ்சு போச்சு, அவ்வளவுதான்.

ஹாங்சோவுக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் பிரணதி நாயக் மட்டும் போனார். வால்ட் இறுதிக்கு வந்து எட்டாவது இடம். அவரைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, தனி ஆளாப் போய் இறுதி வரைக்கும் வந்ததே பெருசு. ஆசிய விளையாட்டு ஜிம்னாஸ்டிக்ஸில் 2023 வரைக்கும் இந்தியா வாங்கினது மொத்தமே ஒரு பதக்கம், 2010-ல் ஆசிஷ் குமாரோட வெண்கலம். இப்படி வறண்டு கிடக்கிற இடத்துல, இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தரை வீட்டுல உட்கார வச்சிருக்கோம்.

2024 மே மாசம் தாஷ்கண்ட் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் தீபாவுக்கு வால்ட்டில் தங்கம். எந்த இந்தியரும் அதுக்கு முன்னால அங்க தங்கம் வாங்கினதில்ல. அக்டோபரில் ஓய்வும் அறிவிச்சிட்டார். ஹாங்சோ போயிருந்தா பதக்கம் நிச்சயம்னு நான் சொல்லல மக்கா. போயிருக்கணும், அவ்வளவுதான்.

உள்ளூர் டிரையல்ஸில் மார்க்கை அள்ளிக் கொடுப்பாங்கன்னு பயம் இருந்தா, வெளிநாட்டு நடுவர் ஒருத்தரைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். ஒரு விமான டிக்கெட் செலவுதானே.