உங்கள் கைப்பேசிக்குள் எத்தனை காப்புரிமைகள்? முன்கூட்டியே சொல்லாவிட்டால் என்ன நடக்கும்?

ஈஜோக்கிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் நின்று போனை எடுக்கிறீர்கள். "லைன் கிடைச்சாச்சு" என்கிறீர்கள். உங்கள் போன் ஒரு நிறுவனத்துடையது, கோபுரத்தில் உள்ள கருவி இன்னொரு நிறுவனத்துடையது. இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன? எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே தர நிர்ணயம்தான் காரணம்.

தோட்ட மக்களுக்கு இது புதுசு இல்லை. ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரித்தார்கள். 1965-இல் எஸ்.எம்.ஆர். தரம் வந்த பிறகு, அழுக்கும் சாம்பலும் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே கணக்கு.

சிக்கல் எங்கே?

5ஜி தரத்துக்குள் ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் இருக்கின்றன. ஒரு காப்புரிமை பொதுவாக 20 ஆண்டுகள் செல்லும். தரத்தைப் பின்பற்றுகிறவர் அந்தக் கண்டுபிடிப்பைத் தவிர்க்கவே முடியாது. கட்டணம் கட்டியாக வேண்டும். அந்தக் காசு கடைசியில் நீங்கள் வாங்கும் போன் விலையில் வந்து சேரும்.

தரத்தை எழுதும் குழுவில் அந்த நிறுவனங்களின் பொறியியலாளர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தன் காப்புரிமையைச் சொல்லாமல் இருந்துவிட்டால்? தரம் முடிவாகி, தொழிற்சாலைகள் தயாரிப்பைத் தொடங்கிய பிறகு "காசு கொடு" என்று கேட்டால் வேறு வழி இருக்காது.

நடந்த கதைகள்

1992-இல் ஒரு கணினித் தரத்துக்கு ஒப்புதல் தந்தபோது, அது தன் உரிமை எதையும் மீறவில்லை என்று டெல் நிறுவனம் உறுதி கூறியது. அந்தத் தரத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் விற்றபின் காப்புரிமையைக் காட்டியது. 1996-இல் அமெரிக்க வணிக ஆணையம் அதைத் தடுத்தது. எச்.264 காணொளித் தரத்தில் குவால்காம் வாய் திறக்கவில்லை. அந்தத் தரத்துக்கு எதிராக அக்காப்புரிமைகளைப் பயன்படுத்த முடியாது என்று 2008-இல் நீதிமன்றம் சொன்னது.

ஆனால் அதே 2008-இல், கணினி நினைவகத் தர வழக்கில் ராம்பஸ் நிறுவனத்துக்கு எதிரான ஆணைய உத்தரவை இன்னொரு நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தக் குழுவின் விதிகளில் தெளிவே இல்லை என்று 2003-லேயே ஒரு நீதிமன்றம் குறைகூறியிருந்தது. விதியைத் தெளிவாக எழுதாவிட்டால், மௌனம் காத்தவர் தப்பிக்கலாம்.

இப்போது விதி என்ன?

ஐ.டி.யூ., ஐ.எஸ்.ஓ., ஐ.இ.சி. ஆகிய மூன்று உலக அமைப்புகளும் 2007 முதல் ஒரே கொள்கையைப் பின்பற்றுகின்றன. காப்புரிமையைத் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். இலவசமாகத் தருவீர்களா, நியாயமான கட்டணத்துக்குத் தருவீர்களா, தர மறுக்கிறீர்களா என்றும் எழுதித்தர வேண்டும். மறுத்தால், அந்தக் கண்டுபிடிப்பைத் தரத்தில் சேர்க்க மாட்டார்கள்.

அறிவித்துவிட்டால் தகராறு தீர்ந்ததா? இல்லை. "நியாயமான கட்டணம்" எவ்வளவு என்பதில்தான் சண்டை. 2024-இல் டில்லி உயர் நீதிமன்றம், எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் கட்டும்படி இந்தியாவின் லாவா நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

நமக்கென்ன?

மலேசியாவின் முதல் 5ஜி கட்டமைப்பை அமைக்க 2021-இல் தேர்வானது இதே எரிக்சன்தான். நாளை தோட்டத்தில் மண் ஈரம் அளக்கும் கருவியும் ட்ரோனும் இதே தரங்களில்தான் இயங்கும். அப்படி ஒரு கருவியை நம் பிள்ளைகள் இங்கேயே தயாரித்தால், சிப் வாங்கும்போதே ஒன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: காப்புரிமைக் கட்டணம் யார் பொறுப்பு?