பழுதுநீக்கும் உரிமை பட்டறைகளுக்கு இல்லையா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை என்றதும் உருக்காலைகளே நினைவுக்கு வரும். பெரிய ஆலைகளுக்கு உதிரி வேலை செய்துதரும் சிறு பட்டறைகளை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூர், திருமழிசை தொழிற்பேட்டைகளிலும் இதுதான் நிலை. இத்தகைய பட்டறை ஒன்றில் வெல்டிங் இயந்திரம் பழுதானால் அன்றைய வேலையும் கூலியும் சேர்ந்தே நின்றுபோகும்.

பழைய மின்மாற்றி வகை இயந்திரத்தில் இரும்பு உள்ளகமும் கம்பிச்சுருளுமே முக்கியம். சுருள் கருகினால், மோட்டாருக்குக் காயில் கட்டுபவரே சரிசெய்துவிடுவார். பின்னர் வந்த தைரிஸ்டர், இன்வெர்ட்டர் வகைகளின் உயிரோ மின்னணுக் கட்டுப்பாட்டு அட்டையில் இருக்கிறது. அதிலுள்ள ஒரு சில்லின் உற்பத்தி நின்றுவிட்டால், நல்ல நிலையிலுள்ள மற்ற பாகங்களும் பயனற்றுப்போகின்றன. சுற்று வரைபடம் கிடைப்பதில்லை. சில அட்டைகளில் சில்லின் எண்ணே அழிக்கப்பட்டிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் தேடி அலைந்து, பழைய அட்டையிலிருந்து கழற்றிய பாகத்தைப் பொருத்துவதே கடைசி வழி. அளவு மாறிய பாகத்தைப் பொருத்தினால் இயந்திரம் மட்டுமல்ல, அதைக் கையாளும் தொழிலாளியும் ஆபத்துக்கு உள்ளாகிறார்.

பழுதுநீக்கும் உரிமைக்கான நெறிமுறையை வகுக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளே முதலில் தேர்வாயின. பட்டறை இயந்திரங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வணிக நோக்கில் பொருள் வாங்குபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. எனவே, பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் பட்டறைக்காரர், கைபேசி வாங்கியவருக்குக் கிடைக்கும் பாதுகாப்புக்கும் வெளியே நிற்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் சென்றது. 2021 ஜனவரி முதல் அங்கு நடைமுறையிலுள்ள விதிகளின்படி, ஒரு மாதிரி வெல்டிங் கருவியின் உற்பத்தி நின்ற பிறகும் குறைந்தது 10 ஆண்டுகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை, மின்விசிறி உள்ளிட்ட முக்கிய உதிரிபாகங்கள் தொழில்முறைப் பழுதுநீக்குநர்களுக்குக் கிடைக்க வேண்டும். மென்பொருளும் இதில் அடங்கும். மின்சிக்கன வரம்புகளையும் அதே விதிகள் விதிக்கின்றன.

பழைய இயந்திரங்கள் மின்சாரத்தை விழுங்குகின்றன, புதியதை வாங்குவதே இலாபம் என்று சிலர் வாதிடலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், இன்று வாங்கும் இன்வெர்ட்டரும் ஒரு நாள் பழையதாகும். உதிரிபாகத்துக்கு உத்தரவாதம் இல்லையெனில், புதுப்பிப்பு என்பது கடனைப் புதுப்பிப்பதாகவே முடியும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பழுதுநீக்கும் உரிமையின் வரம்புக்குள் சிறு தொழில் இயந்திரங்களையும் கொண்டுவர வேண்டும். அரசுக் கொள்முதலில் சுற்று வரைபடத்தையும் 10 ஆண்டு உதிரிபாக உறுதியையும் நிபந்தனையாக்கலாம். குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டத்தில் பொது வசதி மையங்களுக்கு இடமிருக்கிறது. அத்தகைய ஒன்றைப் பழுதுநீக்கும் ஆய்வகமாகத் தொழிற்பேட்டையிலேயே அமைத்து, அருகிலுள்ள ஐடிஐ மாணவர்களுக்கு அங்கு பயிற்சி அளிக்கலாம்.

புதிய முதலீடுகளை வரவேற்கும் அரசு, ஏற்கெனவே முதலிட்டுக் கடனடைத்துக் கொண்டிருக்கும் பட்டறையின் இயந்திரம் நின்றுபோகாமல் பார்ப்பதும் தொழில்வளர்ச்சிதான் என்பதை உணர வேண்டும்.