80 சென்டிமீட்டர் என்ன கேவலமா?

குடவாசல்காரனுக்கும் குதிரை தடை தாண்டும் போட்டிக்கும் என்னடா சம்பந்தம் என்று வகுப்பில் கேட்பார்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. குதிரை மேல் ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை. ராத்திரி தூக்கம் வராமல் வீடியோ பார்க்க ஆரம்பித்து, அப்புறம் விதிமுறைகளைப் படித்து, இப்போது கருத்து சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது :-)

விஷயம் இதுதான். ஷோ ஜம்பிங் என்றால் மைதானத்தில் வரிசையாகக் கட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். குதிரை ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். ஒரு கட்டை விழுந்தால் 4 தப்புப் புள்ளி. ஒலிம்பிக்கில் உயரம் 1.60 மீட்டரைத் தொடும். உலக சாதனை 2.47 மீட்டர். 1949-ல் சிலி நாட்டு ராணுவ கேப்டன் ஆல்பர்ட்டோ லாரகிபெல், ஹுவாசோ என்ற குதிரையில் தாண்டியது. இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் பொழுதுபோக்குக்காக குதிரை ஓட்டும் அமெச்சூர்களுக்கு 60, 80 சென்டிமீட்டர், 1 மீட்டர் என்று சின்னச் சின்னப் பிரிவுகள் உண்டு. இதைப் பார்த்துத்தான் சிலருக்கு இளக்காரம். "60 சென்டிமீட்டரா? எங்க வீட்டு திண்ணையே அதைவிட உசரம்" என்கிறார்கள். சின்னப் பிரிவை எல்லாம் எடுத்துவிட்டு உயரத்தைக் கூட்டினால்தான் தரம் வருமாம்.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. காணும் பொங்கலுக்கு திருக்கடையூரில் நடக்கும் எல்கைப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்று தனித்தனி. குதிரையிலும் அப்படியே. பெரியதுக்கு எல்கை தூரம், சின்னதுக்கு கிட்டே. சின்ன மாட்டுப் பந்தயத்தில் ஜெயித்தவனைப் பார்த்து "நீ என்னப்பா பெரிய மாட்டோட ஓட்டலையே" என்று யாராவது கேட்பார்களா? அவன் கப்பைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். படிக்காத கூட்டம் என்று நாம் நினைக்கிற கூட்டத்துக்கு இருக்கிற தெளிவு, ஷூவும் கோட்டும் போட்ட கூட்டத்துக்கு இல்லை.

அடுத்தது, உயரம் மட்டுமே கஷ்டம் என்ற நினைப்பே தப்பு. இது பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விளக்குகிறேன். குதிரை பாய்ந்து ஓடும்போது ஒரு எட்டு சுமார் 12 அடி. இரண்டு தடைகளுக்கு நடுவே ஒரே ஒரு எட்டு வைக்கும்படி அமைத்தால், இறங்க 6 அடி, எட்டு 12 அடி, மறுபடி எழும்ப 6 அடி, மொத்தம் 24 அடி இடைவெளி. கணக்கு சரி. இப்போது அதே இடத்துக்கு ஒரு மட்டக்குதிரையைக் கொண்டு வாருங்கள். சர்வதேச விதிப்படி லாடம் இல்லாமல் 148 சென்டிமீட்டருக்கு மேல் போகாததுதான் மட்டக்குதிரை. அதன் எட்டு 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதும் எழும்புவதும் அதற்குக் கிட்டக் கிட்டத்தான். ஆக மூன்று நான்கு அடி இடிக்கும். ஒன்று, தூரத்திலிருந்தே தாவி கட்டையில் காலை அடித்துக்கொள்ளும். இல்லை, நடுவில் அரை எட்டு திணித்து தடைக்கு அடியிலேயே போய் முட்டி நிற்கும். மேலே இருக்கும் பத்து வயதுப் பிள்ளை முன்னால் போய் விழும். உயரம் என்னவோ அதே 80 சென்டிமீட்டர்தான்! அட்டவணையில் உயரத்தைக் குறைத்துவிட்டோம் என்று பெருமையாகப் போட்டுக்கொண்டு, இடைவெளியை மாற்றாமல் விட்டால் என்ன பிரயோஜனம்?

"இப்படியே தாழ்த்திக்கொண்டு போனால் இன்னொரு ஃபவாத் மிர்சா எப்படி வருவார்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி, டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-வது இடம். (அவருடையது ஈவென்டிங், அதில் தடை தாண்டுதல் ஒரு பகுதி.) ஆனால் அந்த இரண்டிலும் அவர் ஓட்டிய சீன்யர் மெடிகாட் ஜெர்மனியில் பிறந்த குதிரை. நம் நாட்டில் சவாரிப் பள்ளிகளில் நிற்பவற்றில் பல, ரேஸ் ஓடி ஓய்ந்தவை. நேராக வேகமாக ஓடப் பழக்கப்பட்ட உடம்பு. அதை வைத்துக்கொண்டு 1.20 மீட்டர் தாண்டு என்றால், இறங்கும்போது மொத்த பாரமும் முன்னங்காலில்தான். இங்கே கட்டையை 20 சென்டிமீட்டர் ஏற்றினால் ஜெர்மன் குதிரை வந்துவிடாது. இருக்கிற குதிரைக்கு கால் போகும். இறக்குமதி செய்ய வசதி உள்ளவர் மட்டும் மிஞ்சுவார்.

பி.காம். படிப்பதால் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மைதானம், நடுவர், டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் நிலையான செலவு. பத்துப் பேர் வந்தாலும் அதே, எண்பது பேர் வந்தாலும் அதே. நுழைவுக் கட்டணம் கூட்டமாக வரும் இடம் சின்னப் பிரிவுதான். அதை மூடிவிட்டு மேல் பிரிவை யார் காசில் நடத்துவீர்கள்?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எதிர்த்தரப்போடு சேர்ந்துகொள்கிறேன். 1.20 தாண்டிப் பழகிய குதிரையைக் கொண்டுவந்து 80-ல் இறக்கி, புதுசாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடமிருந்து ரிப்பனைத் தட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். பிரிட்டனில் 90-க்கு பிரிட்டிஷ் நாவிஸ், 1.10-க்கு நியூகமர்ஸ், 1.20-க்கு ஃபாக்ஸ்ஹன்டர் என்று பெயர் வைத்து, குதிரை ஏற்கெனவே ஜெயித்ததைப் பார்த்து வரம்பு போடுகிறார்கள். (ஃபாக்ஸ்ஹன்டர் ஒரு குதிரை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரிட்டன் வாங்கிய ஒரே தங்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.) இங்கேயும் எல்லாப் போட்டியிலும் அப்படி ஒரு வரம்பு வேண்டும். பெரிய மாட்டைக் கொண்டுவந்து சின்ன மாட்டுப் பந்தயத்தில் பூட்ட திருக்கடையூரில் விடுவார்களா என்ன?

அதோடு நுழைவுப் படிவத்தில் உயரம் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, இரட்டைத் தடைகளுக்கு நடுவே எத்தனை அடி, அது குதிரைக்கா மட்டக்குதிரைக்கா என்றும் அச்சடித்துவிடலாம். ஒரு வரிதான். பெற்றவர்கள் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.