பொய்யைக் கருவி பிடிக்குமாம்

பொய்ச் செய்தியைப் பிடிக்கக் கருவி வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்கிறார்கள். படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். அவர்களை மட்டக்களப்பு மாவட்டத்துக் கரடியனாற்றுக்குக் கூப்பிட வேண்டும்.

2010 செப்டம்பர் 17. வீதி வேலைக்காகச் சீன நிறுவனம் ஒன்று கொண்டுவந்த டைனமைட், கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வெடித்தது. 60 பேர் பலி என்றார்கள் அதிகாரிகள். உலகச் செய்தி நிறுவனங்களும் அதையே போட்டன. பிறகு அந்தக் கணக்கு 25 அளவுக்கு இறங்கியது. அந்த முதற்செய்தியை இன்றைய கருவியிடம் கொடுத்துப் பாருங்கள். பெயர்பெற்ற நிறுவனம், பொறுப்பான அதிகாரி, நிதானமான நடை, பத்து இடத்தில் ஒரே எண். நம்பலாம் என்றே சொல்லும். "அவ்வளவு பேர் இல்லை" என்று ஊரவர் ஒருவர் அன்றே எழுதியிருந்தால் சிவப்புக் குறி அவருக்குத்தான் விழுந்திருக்கும். பொய்யும் மெய்யும் இதுவரை எப்படி எழுதப்பட்டன என்பதே கருவி படித்த பாடம். பிண அறையில் எத்தனை உடல் என்று ஆள் போய்த்தான் எண்ண வேண்டும்.

அது வேண்டுமென்று சொன்ன பொய் அல்லவே என்பீர்கள். சரி, அம்பாறை. 2018 பெப்ரவரியில் முஸ்லிம் கடையொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்று கதை கிளம்பியது. கூட்டம் சூழ்ந்து மிரட்ட, சிங்களம் சரிவரத் தெரியாத காசாளர் ஏதோ ஆமாம் போட்டார். அந்த வீடியோதான் பரவியது. அதில் வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. ஆளும் கடையும் நிஜம். கறியில் கிடந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொல்வதற்குள் பள்ளிவாசல் தாக்கப்பட்டாயிற்று.

பழைய படத்தைப் புதுச் சம்பவமாக்கும் சில்லறைப் புரட்டைக் கருவி பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்துப் பொய் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வருகிறது, மட்டக்களப்புத் தமிழில். அனுப்பியவரும் பெற்றவரும் தவிர வேறெவரும் கேட்க முடியாதபடி பூட்டிய பெட்டி அது.

இன்னொன்று. கண்டுபிடிப்பதா நமக்குக் குறை? 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டி மாவட்டத்துத் திகன எரிந்த நாட்களில், முஸ்லிம்களைக் கொல்லச் சொன்ன சிங்களப் பதிவுகளை மனிதர்களே கண்டு பேஸ்புக்குக்கு முறையிட்டார்கள். எங்கள் விதிகளை அது மீறவில்லை என்று பதில் வந்தது. அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.