மதகும் மின்பெருக்கியும்

ஏரிப்பாய்ச்சலை நம்பி வாழும் விழுப்புரம், திண்டிவனம் வட்டார உழவன் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. மதகைக் குறையத் திறந்தால் கடைமடை காயும். மிகத் திறந்தால் நீரோடு குப்பையும் கூளமும் வயல் சேரும். மின்பெருக்கியின் பட்டையகலத்தை வரையறுக்கும் பொறிஞனுக்கும் இதுவே முதற்பாடம்.

சிறிய மின்குறிகையைப் பெரிதாக்கித் தருவது பெருக்கி. எந்த அதிர்வெண் தொடங்கி எந்த அதிர்வெண் வரை அது செவ்வனே பெருக்குகின்றதோ, அவ்விடைவெளியே அதன் பட்டையகலம். தொலைபேசிப் பேச்சுக்கு 300 முதல் 3,400 எர்ட்சு வரை போதும். பழைய அலைவழித் தொலைக்காட்சிப் படத்திற்கோ ஏறத்தாழ 50 இலக்கம் எர்ட்சு வேண்டியிருந்தது.

பெருக்கமும் அகலமும் ஒருங்கே வேண்டிய அளவு கிட்டா. 741 என்னும் பெயர்பெற்ற தொகுப்புச் சுற்றில் அவ்விரண்டையும் பெருக்கி வரும் தொகை ஏறத்தாழ 10 இலக்கம் எர்ட்சு. பத்து மடங்கு பெருக்கினால் 1,00,000 எர்ட்சு அகலம் கிட்டும். ஆயிரம் மடங்கு பெருக்கினால் 1,000 எர்ட்சே எஞ்சும். 1927-இல் அமெரிக்கப் பொறிஞர் ஏரால்டு பிளாக்கு கண்ட எதிர்ப்பின்னூட்டம், பெருக்கத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அகலத்தையும் சீர்மையையும் பெறும் வழியைக் காட்டிற்று. ஆயினும் அகலம் மிகுந்தால் இரைச்சலும் மிகும். அகலம் நான்கு மடங்கானால் தடையத்தின் வெப்ப இரைச்சல் இருமடங்காம். ஆகலின், வேண்டுங்கால் விரிக்கவும் சுருக்கவும் தக்கவாறு பெருக்கியைச் சமைக்கின்றனர்.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று. உயிரைத் தொடும் செய்தி. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010-இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கிற்று. அத்தகைய மருத்துவமனைகளுக்கு நெஞ்சுவலியோடு வருவோர்க்கு முதற்கண் எடுக்கப்படுவது, மக்கள் ஈ.சி.ஜி. என்று வழங்கும் நெஞ்சாங்குலை மின்வரைவே. உடலின்மேல் கிட்டும் அக்குறிகை ஒரு மில்லிவோல்ட்டளவே. நோயறிதற்கு 0.05 முதல் 150 எர்ட்சு வரை பெருக்குதல் வேண்டும். படுக்கையருகே தொடர்ந்து நோக்குதற்கு 0.5 முதல் 40 எர்ட்சு வரை போதும் என்பர்.

குறுகிய பட்டையில் கோடு அழகாக வரும். தசை நடுக்கமும் 50 எர்ட்சு மின்முணுமுணுப்பும் அடங்கும். ஆனால் கீழெல்லை உயர்ந்தால், குருதியடைப்பைக் காட்டும் பகுதி உருத்திரிந்து, இல்லாத நோயைக் காட்டவும் உள்ள நோயை மறைக்கவும் கூடும். மேலெல்லை தாழ்ந்தால் கூர்முனைகள் மழுங்கும். அழகிய கோடு வேறு. உண்மைக் கோடு வேறு.

அகலத்தை மாற்றும் அமைப்போ எளிது. 10,000 ஓம் தடையத்தோடு 0.1 மைக்ரோபாரடு மின்தேக்கியை இணைத்தால் மேலெல்லை ஏறத்தாழ 160 எர்ட்சு, தேக்கியை 0.4 ஆக்கினால் 40 எர்ட்சு. ஒரு சொடுக்கியும் இரண்டொரு தேக்கிகளுமே போதும். எப்பொழுது எதனைத் தேர்வது என்னும் தெளிவே அரிது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. அங்குப் பயிலும் சிற்றூர் மாணவர் பலர் பள்ளிவரை தமிழில் கற்றவர். 2010-இல் அப்பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது மின்னணுவியல் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. மேலே விளக்கிய நெறியைச் சொல்லத் தமிழில் சொல்லில்லாமல் போயிற்றா? பெருக்கி, பட்டையகலம், பின்னூட்டம், தேக்கி, இரைச்சல் என யாவும் உண்டு. வகுப்பறையில் அவை ஒலிக்காமையே குறை.

வாய்பாட்டை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிடும் மாணவன் நாளை மருத்துவக் கருவியின் சொடுக்கிமுன் திகைத்து நிற்பான். தாய்மொழியில் காரணம் உணர்ந்து, தன் கையால் ஒரு பெருக்கியைக் கட்டி, இரண்டு தேக்கிகளை மாற்றி, அலைகாட்டியில் வேறுபாட்டைக் கண்டவனோ திகையான். அத்தகைய செய்முறையை இவ்விரு ஊர்க் கல்லூரிகளும் முதலாண்டிலேயே தொடங்கட்டும். ஆசிரியர் தமிழில் விளக்கட்டும். மாணவர் தமிழில் வினவட்டும். கருவியை வாங்கி இயக்கும் நாட்டினும் அதனை அறிந்து ஆக்கும் நாடே தலைநிமிரும்.