"ஓடுறத நோண்டாதீங்க" என்று சொல்பவர்களுக்கு



நேற்றிரவு நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் ஒரு தம்பியின் குரல் பதிவு சுற்றியது. "வீட்டுல நாஸ் பெட்டி வச்சிருக்கிற ஆக்கள் பிளெக்ஸுக்கு வார அப்டேட்ட போடாதீங்க. ஓட்டோ அப்டேட்ட ஓஃப் பண்ணிடுங்க. ஓடுறத நோண்டாதீங்க." அரை மணித்தியாலத்துக்குள் முப்பதுக்கு மேல் கட்டைவிரல். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. பலருக்குக் காசு வாங்காமல் வேலை செய்து கொடுப்பவர். ஆனால் இந்த விடயத்தில் அவர் சொன்னது பிழை. அதைக் கேட்டு நடந்தால் அழப்போவது அவர் அல்ல, நாம்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ராத்தா வீட்டுப் பெட்டியைப் பூட்டிக் கொடுத்தது நான். "அப்டேட் எண்டு என்ன வந்தாலும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்ததும் நான். போன லீவில் திறந்து பார்த்தால், அதில் ஓடிக்கொண்டிருந்த பிளெக்ஸ் மூன்று வருஷம் பழையது. அதே பெட்டிக்குள்தான் மௌத்தான எங்கள் வாப்பாவின் குரல் பதிவுகள், ராத்தாவுடைய மகளின் நிக்காஹ் வீடியோ, காணி உறுதிகளின் ஸ்கேன் எல்லாம் கிடந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நடக்காமல் போனதற்கு என் கெட்டித்தனம் காரணமில்லை.

இப்போது விடயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டிக்குள் இரண்டு பேருடைய சாமான் ஓடுகிறது. ஒன்று, பெட்டி செய்த கம்பனியின் சிஸ்டம். மற்றது, பிளெக்ஸ் மாதிரி வெளியாரின் மென்பொருள். சிஸ்டத்துக்கு ஓட்டோ அப்டேட் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சினாலஜி பெட்டியில் சிஸ்டத்துக்கு ஒரு தெரிவு, பெக்கேஜ் சென்டரில் இருக்கும் மென்பொருள்களுக்கு வேறொரு தெரிவு. அதையும் போட்டாலும், பெக்கேஜ் சென்டருக்கு வரும் பிளெக்ஸ் பல நேரம் பிளெக்ஸ் கம்பனி வெளியிட்டதை விடப் பிந்தியே வரும். பிளெக்ஸ் தன் திரையில் "புதியது வந்திருக்கு" என்று காட்டும். நாஸில் அதை நாமே இறக்கி, நாமே போட வேண்டும். அப்டேட் தானாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டு வருஷக்கணக்காகப் பழையதை ஓட்டுபவர்கள் நம் ஊரிலேயே எத்தனை பேர்?

"அதனால் என்ன, படம்தானே பார்க்கிறோம்" என்பவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம். லாஸ்ட்பாஸ் என்பது உலகம் முழுக்கப் பலருடைய கடவுச்சொற்களைப் பூட்டி வைத்திருக்கும் கம்பனி. அதன் முக்கியமான சாவிகளைத் தொடக்கூடியவர்களாக அப்போது இருந்தவர்கள் நான்கே நான்கு பொறியியலாளர்கள். 2022இல் அந்த நால்வரில் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாகத் திருடர்கள் உள்ளே போனார்கள். அங்கே கதவாக இருந்தது அவர் வீட்டில் ஓடிய பழைய பிளெக்ஸ். அந்த ஓட்டையை பிளெக்ஸ் கம்பனி 2020 மே மாதமே அடைத்துவிட்டது. அதன் பிறகு ஏறத்தாழ 75 பதிப்புகள் வந்துவிட்டன. அவர் ஒன்றையும் போடவில்லை. உலகத்துக்கே பூட்டுப் போட்டுக் கொடுத்த கம்பனியின் ஆள், தன் வீட்டில் படம் பார்க்கும் மென்பொருளுக்கு ஒரு அப்டேட் போடாமல் விட்டதால் வந்த வினை.

"அது அமெரிக்கா, நம்மட ஊர் வீட்ட யாரு தேடி வரப்போறான்?" என்று அடுத்த கேள்வி வரும். யாரும் தேடி வரத் தேவையில்லை. இணையத்துக்குத் திறந்திருக்கும் பெட்டிகளை மனிதன் அல்ல, புரோகிராம் ஒன்று வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது. ஊர், மதம், வசதி எதுவும் அதற்குத் தெரியாது. 2021 ஏப்ரலில் கியூலொக்கர் என்ற தாக்குதல் வந்தபோது கியூநாப் பெட்டி வைத்திருந்த சாதாரண வீட்டுக்காரர்கள் காலையில் எழும்பிப் பார்த்தால், பல ஃபைல்கள் கடவுச்சொல் போட்டுப் பூட்டிக் கிடந்தன. திறக்க 0.01 பிட்கொயின் கேட்டார்கள். அன்றைய விலையில் 500 டொலருக்கும் மேல். நுழைந்த வழி பெட்டிக் கம்பனியின் சொந்த மென்பொருளில் இருந்த ஓட்டை. திருத்தம் சில நாட்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. ஆகவே சிஸ்டமும் புதிதாக இருக்க வேண்டும், மேலே ஓடுவதும் புதிதாக இருக்க வேண்டும்.

இப்போது தம்பியின் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். அப்டேட்டால் பிரச்சினை வருவதே இல்லையா? வரும். 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன, விமானங்கள் நின்றன. அதே வருஷம் சினாலஜி தன் டிஎஸ்எம் 7.2.2 பதிப்பில் வீடியோ ஸ்டேஷனையே எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் இருந்த ஒரு வசதியை அப்டேட் என்ற பெயரில் பிடுங்குவது அநியாயம். இதைக் கம்பனிக்காரனிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கம்பனி மேல் உள்ள கோபத்தில் நம் வீட்டுக் கதவைத் திறந்து போடுவது என்ன நியாயம்?

2021இல் டிஎஸ்எம் 7 வந்தபோது நடந்ததையும் சொல்கிறேன். அதற்கு மாறிய பலருடைய பிளெக்ஸில் படங்கள் ஒன்றும் தெரியவில்லை. "அப்டேட் எல்லாத்தையும் அழிச்சிட்டு" என்று கதை பரவியது. ஒன்றும் அழியவில்லை. பிளெக்ஸ் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்று நாமே அனுமதி கொடுக்கும்படி மாற்றியிருந்தார்கள். அதாவது வெளியாரின் மென்பொருள் வீட்டின் எல்லா அறைக்குள்ளும் போகாமல், நாம் காட்டும் அறைக்குள் மட்டும் போகட்டும் என்பது. நம்மைப் பாதுகாக்க வந்த மாற்றத்தையே காட்டி அப்டேட்டை நிறுத்தச் சொல்கிறோம்.

அப்டேட் கெடுத்தால் ஒரு இரவு படம் பார்க்க முடியாது. அடுத்த நாள் சரி செய்யலாம். பூட்டப்பட்ட வாப்பாவின் குரலை யார் திருப்பித் தருவது? இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று ஒரு காக்கா எழுதியிருந்தார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கயிற்றை அவிழ்த்துவிட்டு வைப்பது தவக்குல் அல்ல, சோம்பல்.

ஆகவே நான் கேட்பது இவைதான்:

சிஸ்டத்துக்கும் பெக்கேஜ்களுக்கும் ஓட்டோ அப்டேட்டை ஓன் பண்ணுங்கள். மாதத்தில் முதல் ஜும்ஆ நாளில் பிளெக்ஸைத் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2025 ஓகஸ்டில் 1.41.7 முதல் 1.42.0 வரையானதை வைத்திருந்தவர்களை உடனே 1.42.1க்கு மாறச் சொல்லி அந்தக் கம்பனியே மின்னஞ்சல் அனுப்பியது. அந்த மின்னஞ்சலை நம்மில் எத்தனை பேர் திறந்தோம்?

பிளெக்ஸுக்குப் படங்கள் உள்ள ஃபோல்டருக்கு மட்டும், அதுவும் வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். குடும்பப் படங்களும் உறுதிகளும் அதன் கண்ணில் படவே தேவையில்லை.

வெளியூரிலிருந்து யாரும் பார்ப்பதில்லை என்றால் ரிமோட் எக்சஸை நிறுத்துங்கள். யாருக்கும் திறக்காத கதவை எதற்குத் திறந்து வைப்பது?

முக்கியமானவற்றுக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, கழற்றி அலுமாரியில் வையுங்கள். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது ஒன்று பழுதானால் மற்றது ஓடுவதற்கு. பூட்டினால் இரண்டிலும் சேர்த்துத்தான் பூட்டுவான்.

டேட்டா முடிந்துவிடும் என்ற கவலை வேண்டாம். ஒரு மணித்தியாலம் தெளிவான படம் பார்க்கும் டேட்டாவை விட இந்த அப்டேட் குறைவு.

கடைசியாக, பெட்டி பூட்டிக் கொடுக்கும் தம்பிமாருக்கு. நீங்கள் ஒரு வீட்டுக்குப் போய் அதைப் பூட்டும்போது அந்தக் குடும்பத்தின் நினைவுகள் உங்கள் கைக்கு வருகின்றன. அது அமானத். "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. திரும்ப யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அந்தச் சொல்லை நம்பி ஒரு உம்மா அஞ்சாறு வருஷம் அந்தப் பெட்டியைத் தொடாமலே இருப்பார். போய்ப் பூட்டிய வீடுகளின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு வீடாகப் போய்ப் பாருங்கள். நான் ராத்தா வீட்டிலிருந்து தொடங்கிவிட்டேன். இன்னும் மூன்று வீடு இருக்கிறது.

பிழை இருந்தால் கொமெண்டில் திருத்துங்கள். கோபப்பட வேண்டாம், குரல் பதிவு போட்ட தம்பியைத் திட்டவும் வேண்டாம். அந்தக் குழுமத்திலும் இதைப் பகிர்ந்துவிடுங்கள்.